அப்டேட் கேட்டு நச்சரிக்கும் போனை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணிலிருந்து அம்மா கூப்பிட்டார். "என் போன் என்னமோ நம்பர் கேக்குதுடா. நான் ஒண்ணுமே தொடல."

முதல் நாள் ராத்திரி வழக்கம்போல் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நடுநிசிக்கு மேல் போன் தானே அப்டேட்டை ஏற்றிக்கொண்டு, தானே ரீஸ்டார்ட் ஆகி, விடிந்ததும் பின் நம்பர் கேட்டு நின்றுவிட்டது. அம்மா வழக்கமாக விரலை வைத்துத்தான் திறக்கிறார். நம்பர் வைத்துக் கொடுத்தவன் நான். எனக்கும் மறந்துவிட்டது. கல்யாண வருடம், பழைய ஸ்கூட்டர் நம்பர், வீட்டுக் கதவு எண் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா தட்டித் தட்டிப் பார்த்தார். 30 விநாடி காத்திரு என்றது போன். அப்புறம் அந்த நேரம் கூடிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் மொத்தத்தையும் அழித்து ரீசெட் செய்தோம். ரீசெட் முடிந்ததும் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. அதுவும் தெரியாது. சர்வீஸ் சென்டருக்குப் போனால், "பில் இருக்கா சார்?" பில்லைத் தேடினோம்.

மூன்று நாள் அலைச்சல். காம்பவுண்டுச் சுவர் கட்டிய கொத்தனாருக்குக் கொடுத்த முன்பணக் கணக்கை அம்மா போனில்தான் குறித்து வைத்திருந்தார். அது போயே போச்சு. நல்ல வேளையாகக் கொத்தனாரின் நோட்டில் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் உள்ள ஏழு போன்களுக்கும் நானே பொறுப்பு. 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேய்ந்தவர்களுக்கும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் புது போன் வாங்கித் தரப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முதல் தடவை ஒரு போனுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதன்பிறகு மாதம் ஒரு நாள், அரை மணி நேரம் போதும்.

1. கேட்பது யார் என்று முதலில் பாருங்கள்

எல்லா நச்சரிப்பும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உங்கள் போனில் 'அப்டேட்' என்று வருவது நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஆண்ட்ராய்டு 14-லிருந்து 15, 15-லிருந்து 16 என்று முழு வீட்டையும் மாற்றிக் கட்டும் பெரிய அப்டேட் ஒன்று. வருடத்துக்கு ஒரு முறை வரும், 2 ஜிபிக்கு மேல் போகும். இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட். பூட்டு மாற்றுவது மாதிரி. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ வரும், சில நூறு எம்பிதான் இருக்கும். மூன்றாவது, வாட்ஸ்அப், வங்கிச் செயலி போன்ற தனித்தனிச் செயலிகள் கேட்பது. நான்காவது போலி. அதற்குக் கீழே தனியாக ஒரு படி உண்டு.

நோட்டிஃபிகேஷனை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதை அனுப்பியது எந்தச் செயலி என்று பெயர் தெரியும். 'சாஃப்ட்வேர் அப்டேட்', 'சிஸ்டம்', 'செட்டிங்ஸ்' என்றிருந்தால் முதல் இரண்டில் ஒன்று. 'கூகுள் ப்ளே ஸ்டோர்' என்றால் மூன்றாவது. 'குரோம்' என்றிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், நேராக ஏழாவது படிக்குப் போங்கள்.

2. மூன்று விஷயங்களை இன்றைக்கே காகிதத்தில் எழுதுங்கள்

மற்ற படிகளை ஞாயிற்றுக்கிழமை செய்துகொள்ளலாம். இது இன்றைக்கு. எனக்கு விழுந்த அடி அப்டேட்டால் வந்ததில்லை, இந்தப் படியைச் செய்யாததால் வந்தது.

முதலாவது, திரைப்பூட்டின் பின் நம்பர். எந்த சிஸ்டம் அப்டேட் ஆனாலும் கடைசியில் போன் ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆன போன் முதல் தடவை கைரேகையையும் முகத்தையும் ஏற்காது, நம்பரைத்தான் கேட்கும். அதைப் போடும் வரை உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியே கிடக்கும். வாட்ஸ்அப் வராது. யாராவது கூப்பிட்டால் பெயர் காட்டாமல் வெறும் எண் மட்டும் வரும். அம்மா அன்று காலை "யார் யாரோ கூப்பிடுறாங்க" என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கூப்பிட்டதெல்லாம் எங்கள் சித்திதான்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். செட்டிங்ஸில் திரைப்பூட்டு மாற்றும் இடத்தைத் தொட்டால் பழைய நம்பரைக் கேட்கும். போட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் வெளியே வந்துவிடலாம். நம்பர் மறந்துவிட்டது, ஆனால் கைரேகை வேலை செய்கிறது என்றால் பயப்படாதீர்கள், போனை மட்டும் அணைத்துவிடாதீர்கள். திறந்த போனிலிருந்து படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு (நான்காவது படி), அதன்பிறகு நிதானமாக ரீசெட் செய்யுங்கள். திறந்திருக்கும் போனை ரீசெட் செய்வதும், பூட்டிக்கொண்ட போனை ரீசெட் செய்வதும் ஒன்றில்லை.

இரண்டாவது, போனில் உள்ள கூகுள் கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும். ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கு. பூட்டிய நிலையில் ரீசெட் செய்த போன், திருட்டு போனாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பழைய கணக்கைக் கேட்டு நிற்கும். ஊரில் பலருக்கு இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் போன் விற்ற கடைப் பையன். பாஸ்வேர்டு அவருக்கும் நினைவிருக்காது. இன்றே மாற்றிவிடுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணையும் சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது, பில். அதில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். போனில் *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடைக்காரர் வேறு பெட்டியின் எண்ணைப் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எழுதிய தாளைப் போன் கவரின் உள்ளே செருகி வைக்காதீர்கள். போன் தொலைந்தால் சாவியும் கூடவே போகும். ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் கோப்பில் வையுங்கள்.

3. தானாக இறங்குவதை நிறுத்துங்கள்

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது என்று முடிவு செய்வது நீங்களாக இருக்கட்டும்.

சாம்சங்: செட்டிங்ஸ், அதில் கீழே சாஃப்ட்வேர் அப்டேட். 'ஆட்டோ டவுன்லோடு ஓவர் வைஃபை' என்பதை அணையுங்கள்.

ரெட்மி, போக்கோ, ஷாவ்மி: செட்டிங்ஸில் 'அபவுட் போன்', அங்கே பதிப்பின் பெயர் இருக்கும் பெட்டியைத் தொடவேண்டும். மேல் மூலையில் மூன்று புள்ளி, அதனுள் அப்டேட் செட்டிங்ஸ். தானாக டவுன்லோடு ஆவதையும் தானாக ஏறுவதையும் தனித்தனியாகக் காட்டினால் இரண்டையும் அணையுங்கள்.

ரியல்மி, ஓப்போ, ஒன்பிளஸ்: 'அபவுட் டிவைஸ்', மேலே பெரிதாக இருக்கும் பதிப்புப் பட்டை, மூன்று புள்ளி. இங்கே ராத்திரியில் தானாக அப்டேட் ஆகும் வசதி ஒன்று இருக்கும். முக்கியமாக அதை அணையுங்கள். விவோவிலும் சிஸ்டம் அப்டேட் பக்கத்துக்குள் இதே மாதிரி உண்டு.

ஐபோன்: செட்டிங்ஸ், ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ். ஏற்கெனவே இறங்கிவிட்ட அப்டேட் 'இன்று இரவு போடட்டுமா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால், ஜெனரலில் ஐபோன் ஸ்டோரேஜ் போய்ப் பட்டியலில் ஐஓஎஸ் என்று இருப்பதைத் தொட்டு அழித்துவிடுங்கள். பல ஜிபி இடமும் திரும்பக் கிடைக்கும்.

பிக்சல், மோட்டோரோலா போன்ற சில போன்களில் இந்தச் சுவிட்சு 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் ஒளிந்திருக்கும். 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தொட்டால் அது திறக்கும். உள்ளே 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' என்பதை அணைக்கலாம். ஆனால் ஒரு கண்ணி உண்டு: டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் 'பாதுகாப்பற்ற போன்' என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நின்றால் அதை மூடுவதைத் தவிர வழியில்லை. வங்கியா நச்சரிப்பா என்றால் வங்கிதான். இந்த வழியை விட்டுவிட்டு, அடுத்த பத்தியில் சொல்வதைச் செய்யுங்கள்.

மேலே சொன்ன பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் அப்டேட் என்று தட்டுங்கள், வந்து நிற்கும். நோட்டிஃபிகேஷனையும் ஓரளவுக்கு அடக்கலாம். அழுத்திப் பிடித்து, 'சைலன்ட்' ஆக்குங்கள். முழுதாக அணைக்கப் பல போன்கள் விடாது, சத்தமாவது போகும்.

யூடியூபில் பார்த்துவிட்டுக் கணினியில் செருகி அப்டேட் செயலியையே பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பாதுகாப்பு அப்டேட்டும் அதோடு போய்விடும்.

ப்ளே ஸ்டோர் கதை வேறு. செயலிகளைத் தானாக அப்டேட் ஆக விடுங்கள், வைஃபையில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பின் பழைய பதிப்பு ஒரு கட்டத்தில் காலாவதியாகி வேலையை நிறுத்திவிடும். வங்கிச் செயலிகளும் அப்படித்தான். அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் மருந்துக் கடை வாசலில் நின்று அப்டேட் செய்துகொண்டிருக்க நேரும்.

4. உள்ளே இருப்பதை வெளியே ஒரு பிரதி

தொடர்பு எண்கள் சிம்மிலோ போனிலோ இருந்தால் கூகுள் கணக்குக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது என்று அங்கேயே எழுதியிருக்கும். பலருடைய போனில் அது போன வருடத் தேதியாக இருக்கும். காரணம் இடமின்மை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் சேராமல் இருந்தது, 2024-லிருந்து அதுவும் சேர்கிறது. காலை வணக்கம் வீடியோக்கள் நிரம்பிய குடும்பக் குழு ஒன்றிருந்தால் 15 ஜிபி சீக்கிரமே தீர்ந்துவிடும்.

மாதம் 130 ரூபாய் கொடுத்து 100 ஜிபி வாங்கலாம். என் யோசனை வேறு. பேக்கப்பில் வீடியோவைச் சேர்ப்பதை அணைத்துவிட்டு, படங்களையும் வேண்டிய வீடியோக்களையும் போனில் நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவுக்கு மாற்றுங்கள். ஒரு தடவை செலவு, சில நூறு ரூபாய். வீட்டில் எல்லாருக்கும் அது ஒன்றே போதும்.

நோட்ஸ் செயலியில் இருப்பவற்றைத் தனியாகக் கவனியுங்கள். சில போன்களின் சொந்த நோட்ஸ் செயலி கூகுள் பேக்கப்பில் வராது. கொத்தனார் கணக்கு அப்படித்தான் போனது.

5. எந்த வைஃபை, எவ்வளவு டேட்டா

எங்கள் சின்னம்மா வீட்டில் சிம் போட்ட டாங்கிள்தான் வைஃபை. நாளுக்கு 2 ஜிபி. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கே நெட் படுத்துவிட்டது. தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு, வீட்டில் ஒரே சண்டை. யார் சீரியல் பார்த்தது என்று விசாரணை நடந்து, கடைசியில் குற்றவாளி சித்தப்பாவின் போன். அது வைஃபையைக் கண்டதும் அப்டேட்டை இழுக்க ஆரம்பித்திருந்தது. டாங்கிளும் ஃபைபர் இணைப்பும் போனின் கண்ணுக்கு ஒன்றுதான்.

இதற்கு ஒரு சுவிட்சு உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. வைஃபை பட்டியலில் அந்த இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு, 'மீட்டர்டு' என்று மாற்றுங்கள். சாம்சங்கில் 'வியூ மோர்' என்பதற்குள் இருக்கும். ஐபோனில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ எழுத்தைத் தொட்டு 'லோ டேட்டா மோடு' போடவேண்டும். அதன்பிறகு அந்த இணைப்பில் பெரிய டவுன்லோடுகள் தானாகத் தொடங்காது. அடுத்தவர் போனின் ஹாட்ஸ்பாட்டைச் சில போன்கள் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். டாங்கிளில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இப்போது கணக்கு. பாதுகாப்பு அப்டேட் பெரும்பாலும் நாள் டேட்டாவுக்குள் அடங்கிவிடும், ராத்திரி பதினொரு மணிக்கு மிச்சமிருப்பதில் போடலாம். பெரிய அப்டேட் அடங்காது. டாப்-அப் போட்டால் ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய 20 ரூபாய் ஆகும். ஃபைபர் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது செய்வது உத்தமம். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையை நம்பி உட்காராதீர்கள். இலவச 30 நிமிடம் நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் கிடைக்கும். பெருக்கிப் பார்த்தேன், 225 எம்பிதான் வருகிறது.

6. நாள் குறிப்பதும் போடுவதும்

பாதுகாப்பு அப்டேட் வந்த இரண்டு வாரத்துக்குள் போட்டுவிடுவேன். பெரிய அப்டேட்டுக்கு ஒரு மாதம் பொறுப்பேன். நிறுவனங்கள் இதை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை, தவணை தவணையாகத்தான் விடுவார்கள். முதல் தவணையில் தெரியும் குறைகளுக்குப் பின்னாலேயே சின்னத் திருத்தம் ஒன்று வரும். அது வந்தபிறகு போடுவது நல்லது.

பழைய, 3 அல்லது 4 ஜிபி ராம் உள்ள போனுக்குப் பெரிய அப்டேட் வந்தால்? நான் போடுவதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: சில நிறுவனங்கள் அதன்பிறகு பாதுகாப்பு அப்டேட்டைப் புதிய பதிப்புக்கு மட்டும்தான் தருவார்கள். அந்த போனில் வங்கிச் செயலி இருக்கிறதா, வெறும் பேச்சுக்கும் பாட்டுக்குமா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். "போட்டுப் பார்ப்போம், பிடிக்கலைன்னா பழசுக்கே மாத்திக்கலாம்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணமாகப் பழையதற்குத் திரும்ப முடியாது. நிறுவனம் உள்ளே போட்டிருக்கும் பூட்டை உடைத்துத் திருப்பினாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், வங்கிச் செயலிகளும் மல்லுக்கட்டும்.

எந்த நாள்? வெள்ளி இரவு வேண்டாம், கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டருக்கு ஓட ஞாயிறு குறுக்கே நிற்கும். பயணத்துக்கு முந்திய நாள் வேண்டாம், டிக்கெட் போனில்தான் இருக்கும். பரீட்சை, ஆஸ்பத்திரி, கல்யாணம், வீட்டு லோன் தவணை நாள் எதுவும் வேண்டாம். அம்மாவின் போனுக்கு நான் நேரில் இருக்கும் நாளை மட்டும்தான் வைத்திருக்கிறேன். தினசரிக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் 'போன்' என்று அவரே எழுதி வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் நல்ல நேரமும் பார்த்துக்கொள்கிறார், அது அவர் விருப்பம்.

அன்றைக்குச் செய்யவேண்டியது இவ்வளவுதான். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், சார்ஜரில் செருகியே போடுங்கள். காலி இடம் அப்டேட்டின் அளவைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். பதிப்பு எண் தெரியும் 'அபவுட் போன்' பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், இது எதற்கென்று கடைசிப் படியில் தெரியும். கவரைக் கழற்றுங்கள், சூடாகும். சில போன்கள் பின்னணியிலேயே வேலையை முடித்துவிட்டு ரீஸ்டார்ட் மட்டும் கேட்கும். சில போன்கள் இருபது நிமிடமோ அதற்கு மேலுமோ நிறுவனத்தின் பெயரைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். பொறுமை. பவர் பட்டனை அழுத்தி நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

முடிந்தபின் இரண்டு மூன்று நாள் பேட்டரி வேகமாக இறங்கும், போன் லேசாகச் சுடும். உள்ளே எல்லாச் செயலிகளையும் மறுபடி சீர்செய்துகொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் கவலைப்படவேண்டும். 'கேஷ் பார்ட்டிஷனைத் துடை', அதாவது தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தைச் சுத்தம் செய் என்று ஆலோசனை சொல்வார்கள். சில போன்களில் அது உண்மையாகவே உதவும். ஆனால் அதைச் செய்யும் கறுப்புத் திரையில் அதற்கு அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் அழிக்கும் 'வைப் டேட்டா' இருக்கிறது. கை நடுங்குபவர்களிடம் போனில் வழி சொல்லி இதைச் செய்ய வைக்காதீர்கள்.

தோற்றம் மாறினால் பெரியவர்கள் கலங்கிவிடுவார்கள். சாம்சங்கின் ஒன் யூஐ 7 என்ற பதிப்பு வந்தபோது, மேலிருந்து இழுக்கும் திரை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. "டார்ச்சைக் காணோம்" என்று எனக்கு மூன்று பேர் போன் செய்தார்கள். வலப்பக்கம் இழுத்து, பென்சில் படத்தைத் தொட்டு, பேனல் செட்டிங்ஸில் 'டுகெதர்' என்று மாற்றினால் பழையபடி ஒன்றாகிவிடும். அப்புறம் தமிழ் விசைப்பலகை, எழுத்தின் அளவு, ரிங்டோன், கூப்பிட்டால் மணி அடிக்கிறதா, இவற்றை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

7. போலி அப்டேட்டை அடையாளம் காண

உண்மையான சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் இருக்கும். ஒரு செய்தி வந்து சந்தேகமாக இருந்தால், அதைத் தொடாமல் நீங்களாக செட்டிங்ஸுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் வந்தது பொய்.

'உங்கள் போனில் 13 வைரஸ், உடனே அப்டேட் செய்க' என்று குரோமிலிருந்து வருவது, நீங்கள் எப்போதோ ஒரு இணையதளத்தில் 'அலோ' அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தைத் தடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பாக, அதாவது செயலியை நிறுவும் கோப்பாக வருவது அதைவிட மோசம். வங்கி கேஒய்சி அப்டேட், போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்று ஏதாவது பெயர் இருக்கும். நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபிகள் மோசடிக்காரர்களுக்கும் போகும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும்.

தொட்டுவிட்டால்? உடனே ஃப்ளைட் மோடு. வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் நடுவழியில் தடுக்கப்பட வாய்ப்புண்டு. நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

8. அப்டேட்டுக்குப் பின் போன் கெட்டால்

திரையில் பச்சைக் கோடு, நெட்வொர்க் போவது, கேமரா திறக்காதது, ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருப்பது. வாரண்டிக்குள் என்றால் கவலையில்லை. முடிந்துவிட்டது என்றால்தான் எழுத்துவேலை.

என் அலுவலக நண்பருக்கு அப்டேட் போட்ட மறுநாள் பச்சைக் கோடு விழுந்தது. வாரண்டி முடிந்து ஐந்து மாதம். சர்வீஸ் சென்டரில் திரை மாற்ற எட்டாயிரம் கேட்டார்கள். போனை வாங்கிக்கொண்டு எழுதும் ஜாப் ஷீட்டில் 'டிஸ்ப்ளே ப்ராப்ளம்' என்று மட்டும் எழுதினார்கள். அவர் அதில் கையெழுத்துப் போடாமல், 'இன்ன தேதி அப்டேட்டுக்குப் பின் கோடு, கீழே விழவில்லை, உடைசல் இல்லை' என்று சேர்த்து எழுதச் சொன்னார். கவுண்டரில் முணுமுணுத்தாலும் எழுதித் தந்தார்கள். அந்தத் தாள், பில், அப்டேட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு மின்னஞ்சல் செய்தார். இரண்டு வாரத்தில் திரையை இலவசமாக மாற்றித் தரச் சம்மதித்தார்கள். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கோட்டுக்காகக் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்த நிறுவனங்கள் உண்டு. கவுண்டரில் இருப்பவர் தாமாக அதைச் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும்.

போனைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 'தண்ணி போயிருக்கு சார்' என்று சொன்னால் அது உதவும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். அவர்கள் ரீசெட் செய்யத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டே கொடுங்கள். போன் திரும்பி வந்ததும் யூபிஐ செயலியில் மறுபடி பதியவேண்டும். அதற்கு அதே சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகவேண்டும், ஆகவே ரீசார்ஜ் தீர்ந்திருக்கக் கூடாது. பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பல செயலிகளில் அனுப்பும் வரம்பு 5,000 ரூபாய்தான். அன்றைக்கு வாடகை கொடுப்பதாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிறுவனம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இதற்கும் கேட்பது அதே தாள்கள்தான்: பில், ஜாப் ஷீட், மின்னஞ்சல் பிரதிகள், ஸ்கிரீன்ஷாட்.

பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, ஒரு படமும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் தரும் வழுவழுத் தாளில் எழுத்து நிற்காது. அம்மாவின் பில்லைக் கடைசியில் பீரோவில் கண்டுபிடித்தபோது அது வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. கடைக்காரர் கணினியில் அம்மாவின் எண்ணைப் போட்டுத் தேடி மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அதற்கே போனது.